சன்னாசியின் இடது கண்

2603, மார்ச் 7

1943ஆம் வருஷத்தை ஜப்பான் கணக்கில்தான் எழுத வேண்டுமாம். எழுதித் தொலைக்கிறேன்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற சன்னாசி வந்தான். இடது கண்ணில் மூக்கோரம் வளர்ந்த சதை கருவிழியை மூடப் போகிறது. "ஐயா, வெட்டுற கோடே தெரியல. மரத்துல காயம் போட்டுட்டேன்னு ஜப்பான்காரன் அறைஞ்சிட்டான். இன்னொரு காயம் போட்டா ஆளே இருக்க மாட்டேன்லா."

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்கார டாக்டர் துரை ஓடிப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸரான நான்தான் இப்போது எல்லாம்.

மார்ச் 9

வெட்டினேன். ஈப்போவில் வாங்கிய மரப்பு மருந்து புட்டியின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. பாதியிலேயே வலி தெரிந்துவிட்டது. மனைவி மாரியம்மா அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். பாவி, அவன் முனகக்கூட இல்லை.

நான் வெட்டுகிற சதை பத்தில் ஐந்து திரும்ப வளரும். அதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

ஏப்ரல் 25

கண் பளிச்சென்று இருக்கிறது. வளரவே இல்லை! ஒரு கட்டு மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து வைத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மே 18

சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடிக்க வந்துவிட்டார்கள். அவர்களுடைய டாக்டர் எல்லாரையும் நிறுத்தி இமையைப் பிரித்துப் பார்த்தான். பெத்தபெருமாளுக்கும் அதே சதை. கத்திக்குப் பயந்து என்னிடம் வராதவன். அவனை வேண்டாமென்று கழித்துவிட்டான். சன்னாசியைப் பார்த்து "யோஷி" என்று முதுகில் தட்டினான். நல்ல கண்ணாம்.

அந்தச் சதை திரும்ப வளர்ந்து தொலைத்திருக்கக் கூடாதா?

மே 19

சன்னாசி வந்தான். "ஐயா, அந்தச் சதைய திரும்ப வச்சுற முடியாதா?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை. "இல்லேன்னா, கண்ணு தெரியாதுன்னு ஒரு சீட்டாச்சும்…"

பொய்ச் சீட்டு எழுதினால் என்னையும் சேர்த்து ஏற்றுவான். முடியாது போ என்று கத்தினேன். அவன்மேல் ஏன் கத்தினேன்?

மே 21

சன்னாசியையும் ஏற்றிக்கொண்டு லாரி போய்விட்டது. கிளம்புமுன், பக்கத்துத் தோட்டத்து டிரெஸர் எழுதிய 'கண் தெரியாது' சீட்டைக் காட்டி இரண்டு பேர் இறங்கி, லகாட் ரோட்டில் வீட்டுக்கு நடந்தார்கள்.

ஜூன் 2

கண்ணில் சதையோடு வருகிறவர்களை வெட்டாமலே திருப்பி அனுப்புகிறேன்.

1945, நவம்பர் 18

ஜப்பான்காரன் போய்விட்டான். வருஷத்தைப் பழைய கணக்கிலேயே எழுதுகிறேன்.

போனவர்களில் ராஜு ஒருவன்தான் திரும்பியிருக்கிறான், எலும்பும் தோலுமாக. மாரியம்மாவும் இருக்கும்போதே சொன்னான். "ஆறு மாசத்துல சன்னாசி அண்ணனுக்குச் சதை மறுபடி வளந்திருச்சுய்யா. 'டிரெஸர் சொன்ன மாதிரியே வளந்திருச்சு, இனிமே கழிச்சு விட்ருவாங்க'ன்னு தெனமும் ஜப்பான்காரனுங்ககிட்ட கண்ணக் காட்டிக்கிட்டு நிப்பாரு. காலரா வந்து படுத்த அன்னிக்கும் காட்டினாரு."

மாரியம்மா அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க சீட்டு எழுதிக் கொடுத்திருந்தா விட்ருப்பானாய்யா?"

தெரியாது என்றேன்.