வட்டமாகப் போட்ட கையெழுத்துகள்

அன்புள்ள நைனா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நான் செய்த தவறையும் மறைக்கமாட்டேன்.

உங்களை மூலக்கொத்தளம் மயானத்தில் விட்டுவிட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. அரிசி விலை இன்னும் ஏறியிருக்கிறது. கம்பெனி பென்ஷன் மட்டும் யுத்தத்துக்கு முன்பு வைத்த இடத்திலேயே நிற்கிறது. உங்களுக்குப் பிறகு அதிலும் பாதிதான் அம்மாவுக்கு. விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்தித் தரவேண்டும் என்று ராயபுரத்திலிருக்கும் உங்கள் பழைய கூட்டாளிகள் மனுக் கொடுத்தார்கள். எழுதியது நான்.

முதல் கையெழுத்துப் போட எல்லோருக்கும் பயம். கம்பெனி மனம் வைத்துக் கொடுக்கிற பணம்தானே. முன்னால் நிற்பவருக்கு நிறுத்திவிட்டால் யாரைக் கேட்பது? அவர்களில் ஆரோக்கியம் மாமாதான் வழி சொன்னார். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துக் காகிதத்தில் வட்டம் போடச் சொன்னார். அதைச் சுற்றிப் பத்தொன்பது பேரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். "இப்ப எவன் மொதோ ஆளுன்னு கண்டுபுடிக்கட்டும், பாக்கலாம்" என்று சிரித்தார் மாமா.

மனுவைப் படித்துக் காட்ட என்னையும் அழைத்துப்போனார்கள். மேனேஜர் காகிதத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதை ஆரம்பிச்சது யாரு? பேர் தெரியாம நான் இதைத் தொடமாட்டேன்."

கடைசியில் ஆரோக்கியம் மாமா, "நம்ம எல்லப்பன்தாங்க, இந்தப் பொண்ணோட நைனா. தவறிட்டாரு, பாவம்" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "உங்கப்பாவா?"

போன வருஷம் இந்தப் பேச்சை எடுத்தவர்களிடம், "இருக்கறதும் பூடும், சும்மா கெடங்கப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர் நீங்கள். எனக்குத் தெரியும். இருந்தும் தலையாட்டினேன், நைனா. இறந்துபோனவரை யார் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன். அம்மாவை மறந்துபோனேன்.

அடுத்த வாரமே, விசாரணை முடியும்வரை அம்மாவின் பணம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "உங்க நைனா ஜென்மத்துல ஒருத்தரையும் எதுத்துப் பேசினது கெடையாது. செத்த பொறவாச்சும் பேசினாருன்னு இருக்கட்டும்" என்றாள். சிரித்தாளா, அழுதாளா? முறம் முகத்தை மறைத்தது.

இன்று பென்ஷன் நாள். அம்மாவும் நானும் கம்பெனி ஆபீசுக்கு வந்திருக்கிறோம். ஜன்னலில் குமாஸ்தா கூப்பிட்ட முதல் பெயர் ஆரோக்கியம் மாமாவுடையது. அவர் வராந்தாவில் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"இன்னா தாத்தா, காது கேக்கலியா?"

"நல்லா கேக்குது. அந்தம்மாவுக்கு மொதல்ல குடு. அப்பால நாங்க வாங்கிக்கிறோம்."

அடுத்த பெயருக்கும் ஒருவரும் எழவில்லை. அதற்கடுத்த பெயருக்கும் இல்லை. பாதி பேர் வீட்டில் இன்று அடுப்பு எரியவேண்டுமானால் இந்தப் பணம் வேண்டும். பத்தொன்பது பெயரையும் கூப்பிட்டுவிட்டுக் குமாஸ்தா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். ஆரோக்கியம் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொய் சொன்னது நானு. நீ இன்னாத்துக்கு போற, கண்ணு? நாளைக்கு நானே சொல்லிடறேன்." சொன்னால் அவர் பணமும் நிற்கும். சொல்லாவிட்டால் நம் வீட்டில் என்ன ஆகும், நைனா?

நாளை அவரைத் தனியாக அனுப்பமாட்டேன். நீங்கள் ஆரம்பிக்கவில்லை, எழுதியது நான் என்று அந்த அறையில் நின்று சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

பொழுது சாய்ந்துவிட்டது. அம்மாவும் அந்தப் பத்தொன்பது பேரும் இன்னும் என்னோடு இந்த வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது குமாஸ்தா வந்து விளக்குகளை அணைத்துவிட்டுப் போகிறார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

உங்கள் மகள்,
மரகதம்