இது மாமி நினைப்பது அல்ல

மன்னார்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்கிறீர்களா? நான் பெரியபிள்ளையாகிவிட்டதாக மாமி போனில் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார். உடுப்பில் இரத்தத்தைக் கண்டதும் என்னைத் தனியறையில் இருத்தி, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தருகிறார்.

அம்மா, இரத்தம் மலத்தோடுதான் வருகிறது. வெட்கத்தில் சொல்லாமல் இருந்து, இன்று பின்னேரம்தான் மாமியிடம் சொன்னேன். "முதல்ல எல்லாருக்கும் உப்பிடித்தான் தெரியும், பயப்பிடாதை பிள்ளை" என்று சிரித்தார். இப்போது கட்டி கட்டியாகப் போகிறது. எழும்பினால் கண் இருட்டுகிறது. சடங்குக்குத் தண்ணீர் வார்க்கும்வரை வெளியே போகவோ போனைத் தொடவோ கூடாதாம்.

என்னோடு படிக்கும் நிருஷாவின் அப்பா எங்கட ஊர்ப் பக்கம், கட்டுக்கரைக் குளத்தடிக்கு பஸ் ஓட்டுகிறார். காலையில் அவள் என்னைப் பார்க்க வரும்போது இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுவேன். பட்டுப் பாவாடை வாங்கவேண்டாம். அவர் திரும்பும் பஸ்ஸிலேயே வந்து என்னை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கறுப்புப் பாவாடை ஒன்று கொண்டுவாங்கோ. இரத்தக்கறை வழியில் சனங்களுக்குத் தெரியக்கூடாது.

உங்கள் மகள்,
யதுர்சிகா