என்னுடையது நூற்றுக்கு மூன்று

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

திங்கட்கிழமை எங்கள் ஆபீஸ் சர்வர் கம்ப்யூட்டர் திணறி நின்றுவிட்டது. அதில் எட்டு மென்பொருள்கள் தனித்தனி கன்டெய்னர்களில் ஓடுகின்றன. ஒரே வீட்டில் எட்டுக் குடித்தனம், எல்லோருக்கும் ஒரே தண்ணீர்த்தொட்டி என்று வைத்துக்கொள். மேனேஜர் எதையும் பார்க்காமலேயே பன்னிரண்டு பேர் முன்னால், "புதுசா வந்த பொண்ணு எழுதினதுதான் எல்லாத்தையும் முழுங்குது. அந்த வேலைய வேற யார்கிட்டயாவது குடுங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினேன். எந்தக் கன்டெய்னர் எவ்வளவு மெமரி, அதாவது அந்தத் தொட்டித் தண்ணீர், தின்கிறது என்று வரிசையாக வந்தது. என்னுடையது நூற்றுக்கு மூன்று. மேனேஜரே எழுதியது எழுபத்தொன்பது. அதை அப்படியே சுவரிலிருந்த பெரிய திரையில் போட்டேன்.

"சரி, விடும்மா. பெரிசு பண்ணாத" என்றார் மேனேஜர்.

"என்னைச் சொன்னப்போ சத்தமா சொன்னீங்க சார். இதையும் அதே சத்தத்துல சொல்லுங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டு, தான் எழுதியதுதான் காரணம் என்று சொன்னார். வேலை என்னிடமே இருக்கிறது, பயப்படாதே. ஆனால் அன்றிலிருந்து மதியம் என் மேஜைக்கு யாரும் சாப்பிட வருவதில்லை. அந்தப் பன்னிரண்டு பேர் மேல்தான் இப்போது அதிகக் கோபம்.

ஒரு உதவி செய். மதியம் நான் போன் பண்ணினால் "சாப்பிட்டியா" என்று கேட்டதும் வைத்துவிடாதே. போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நீயும் அப்பாவும் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறேன்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உன் மகள்