மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை

இன்று சுபாங் ஜெயா போகும் வழியில், முன்னால் நின்ற லோரியிலிருந்து சூடேறிய பிரேக்கின் கருகல் வாடை வந்தது. கார்க் கண்ணாடியை ஏற்ற மனம் வரவில்லை. நீ இல்லாவிட்டாலும் உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். நாம் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தோம். சுங்கை பூலோவைத் தாண்டி, மேட்டின்மேல் இருந்த ரப்பர் தோட்டப் பள்ளியில் நீ ஆசிரியை. பஸ் போகாத செம்மண் பாதை என்பதால்தான் அந்தப் பழைய ஜீப்பை வாங்கினோம். உன்னோடு வேலை பார்த்த ஆசிரியைகளும் அதில்தான் வருவார்கள்.

ஒரு நாள் வந்ததும் வராததுமாகச் சொன்னாய்: "என்னங்க, எறக்கத்துல பிரேக் பிடிக்க மாட்டேங்குது. பெடல் கீழ வரைக்கும் போகுது."

பட்டறையில் விட்டோம். மெக்கானிக் தம்பி தெருவைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தார். "நல்லாத்தான் நிக்குது அக்கா. ஆயில் கொஞ்சம் கொறைஞ்சிருந்துச்சு, ஊத்திட்டேன். பழைய வண்டிதானே லா, மெதுவா ஓட்டுங்க."

மறு வாரமும் அதே கதை. நான் நம் தெருவில் ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் நன்றாகவே நின்றது. என் அம்மா உன்னை வேலையை விடச் சொன்னார். "பயந்துக்கிட்டு ஓட்டினா அப்படித்தான் தோணும்" என்றார். நீ அன்று சாப்பிடவில்லை. பிறகு என்னிடம் சொன்னாய்: "எங்க நடக்குதோ அங்க வந்து பாருங்க. ஒர்க்‌ஷாப்ல இல்ல, மேட்டுல."

அந்தச் சனிக்கிழமை, ஆசிரியைகளின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். நீதான் ஓட்டினாய். பக்கத்தில் நான், பின்னால் தம்பி. இறக்கத்தில் முதல் இரண்டு வளைவுகளிலும் வண்டி சொன்னபடி கேட்டது. மூன்றாவதில் பெடலோடு உன் கால் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நீ கத்தவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, லாலான் புல் மண்டிய கரையில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினாய்.

"பாத்தீங்களா?" என்றாய். அவ்வளவுதான்.

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. இறங்கி பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார். உள்ளே எண்ணெய் கிச்சாப் என்னும் சோயா சாஸ் போலக் கறுத்திருந்தது. "தண்ணி எறங்கிருக்கு அக்கா. சூடாச்சுன்னா கொதிச்சு ஆவியாயிடும், பெடல் அமுங்கிடும். ஆறினா மறுபடி பிடிக்கும். அதான் என்கிட்ட வர்றப்போ ஒண்ணுமே தெரியல. பழசு மேலயே புதுசு ஊத்தினது என் தப்பு."

பிரேக் ஆறும்வரை ரப்பர் மரத்தடியில் காத்திருந்து, முதல் கியரிலேயே ஊர்ந்து இறங்கினோம். பழைய எண்ணெய் முழுவதையும் வடித்து, குழாயில் காற்று நிற்காமல் புதிதை நிரப்பிக் கொடுத்தார் தம்பி. மறுபடி அதே மேடு, அதே மூட்டைகள். மூன்றாவது வளைவிலும் பிரேக் உறுதியாகப் பிடித்தது. கீழே வந்ததும் நீ இஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாய். சிரிப்பு பாதியில் அழுகையானது.

"நான் ஒண்ணும் கற்பனை பண்ணல, இல்ல?"

"இல்லம்மா" என்றேன். என் நெஞ்சிலிருந்தும் ஒரு பெரிய கல் இறங்கியது. அதன் பிறகு பல வருடம் நீ அந்தப் பாதையில் நிம்மதியாகப் போய் வந்தாய்.

போன வாரம் நம் மருமகள், ராத்திரியானால் இடது கண் மங்குகிறது என்றாள். கிளினிக்கில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் எல்லோரும் "தூக்கம் போதல" என்றார்கள். இன்று காலை நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

"வாம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். எப்பப்போ மங்குதுன்னு நீ சொல்லு. நீ சொல்றத டாக்டர் காது குடுத்துக் கேக்குற வரைக்கும் நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."