மிளகுக் கொடிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

இன்று காலை உன் மிளகுக் கொடியின் கடைசி இலையும் உதிர்ந்தது. எடுத்துக் கசக்கினேன். அந்தக் கார வாசனை வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குப்பத்தில் எழுதத் தெரிந்த ஒரே ஆம்படையான் என்று கேலி செய்வாயே, உனக்கு எழுதாமல் அந்த எழுத்தை வேறு எதற்கு வைத்துக்கொள்வது? நீ காய்ச்சலில் போய் நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் உன் கொடியைக் கொன்றுவிட்டேன்.

ஒல்லாந்தத் துரைசானிக்குப் பணிவிடை செய்யக் கொச்சியில் கப்பலேறி வந்தவள் நீ. ஈரத் தேங்காய் நாரில் சுற்றிய கொடித்துண்டு ஒன்றுதான் உன் சீதனம். என்னைக் கட்டிக்கொண்டு தோணிரேவுக் குப்பத்துக்கு வந்ததும், உப்புக்காற்று படாமல் வீட்டுக்குள் ஒரு மூலையில் அதைப் பானையில் வைத்தாய். மணலைத் தோண்டி இறைத்துவரும் நல்ல தண்ணீரில் முதல் செம்பு அதற்குத்தான். கட்டினவனுக்கு இல்லாத கவனிப்பு என்று நான் பொருமுவேன். அது திரிபோல் பூச்சரம் விட்டபோது நீ கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாய். "மழ பட்டாத்தான் காய் புடிக்கும்யா. இங்க மழ எங்க கீது?" என்றாய்.

நம் ஆட்களுக்குத் தென்னையானாலும் முருங்கையானாலும் மீன் கழுவிய தண்ணீர்தான் உரம். நீ போன பிறகு கொடி வாடியது. பாவம், பசிக்கிறது என்று நினைத்தேன். கடலோடு கலக்கும் நம் ஏரித் தண்ணீரில் மீனைக் கழுவி, அதையே நாள் தவறாமல் ஊற்றினேன். இலை நுனி கருகியது. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாய்யா பண்ற, அது உப்புய்யா" என்ற பிறகுதான் புத்திக்கு உறைத்தது. மண்ணை அலசலாம் என்று கொடியைத் தூக்கினேன். வேர் அழுகிக் கையோடு வந்தது.

அன்றே, நீ தெளித்த தண்ணீரில் காய் பிடித்துச் சிவந்திருந்த நான்கு பழங்களைப் பறித்து மடியில் முடிந்துகொண்டேன். மூன்று நாளாகிறது. பழுத்ததும் நட்டுவிட வேண்டும், காய்ந்தால் முளைக்காது என்று நீ சொன்னது மறக்கவில்லை. புது மண் இருக்கிறது, நல்ல தண்ணீர் இருக்கிறது. என் கைதான் போக மாட்டேன் என்கிறது. இந்தக் கை நட்டு இவையும் செத்தால், உன்னுடையது என்று சொல்ல எனக்கு ஒன்றும் மிஞ்சாது. நடாமல் வைத்திருந்தாலும் சாகும், அதுவும் தெரிகிறது. நீ இருந்தால் என்னைத் தள்ளிவிட்டு நீயே நட்டிருப்பாய்.

இப்போதுகூட மடியைத் தடவிப் பார்த்தேன். ஒன்று சுருங்கிவிட்டது.