பழைய மிக்கும் ஒரு அழைப்புக் கடிதமும்

சங்கரன்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கோமதித்தாய்க்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும் என்று கோமதியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பனவடலிசத்திரத்துச் சித்தி வயலில் இந்தத் தடவை மழையில்லாமல் உளுந்து கருகிவிட்டது, அவளுக்கு ஒரு ஃபோன் போட்டுப் பேசு. வாரத்துக்கு நாலு தடவை ஃபோனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். வாயால் சொல்ல வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான்.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய, மிக்-21 போர் விமான பொம்மையை ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் கிட்டைப் பிரித்ததுமே, இது நான் வேலை பார்த்த விமானம் இல்லை, பின்னால் வந்த மாடல் என்று ஃபோனில் சொல்லிவிட்டேன். "அப்படியாப்பா, எனக்குத் தெரியலையே" என்று சொல்லி நீ ஃபோனை வைத்துவிட்டாய். "அம்புட்டுத் தூரத்துல இருந்து அனுப்புன பிள்ளைட்ட பேசுத பேச்சா இது" என்று அம்மா ஏசினாள். அவள் சொன்னது சரிதான். அதனால் அந்தக் கிட்டையே வெட்டி ஒட்டி, ஏர்ஃபோர்ஸில் நான் பதினோரு வருஷம் ரிப்பேர் பார்த்த பழைய மாடலாக மாற்றி உனக்குப் படம் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். பின்னால் வந்ததற்கு முதுகு புடைத்திருக்கும், பழையது ஒல்லி. அதற்கு வயிற்றில் துப்பாக்கி கிடையாது, விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி மூடியும் பக்கவாட்டில் திறக்காமல் முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முதுகை அறுத்தெடுத்து, எம்சீல் வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தேன். ஆனால் எவ்வளவு ஒல்லி என்பது மறந்துபோயிருந்தது. நான் அந்தக் காலத்தில் வரைந்து வைத்த நோட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது, அதை எடுக்கத் திறந்தேன். நோட்டுக்கு அடியில் உன் பெயருக்கு வந்த கவர் கிடந்தது. அது அங்கே கிடப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பதினாறு வருஷமாக அந்தப் பெட்டியைத் திறக்காமல் இருந்தேன்.

கோமதி, நீ இன்ஜினியரிங் முடித்த வருஷம் ஏர்ஃபோர்ஸில் டெக்னிக்கல் ஆபீசர் வேலைக்கு எழுதிப் போட்டாயே, மைசூரில் இன்டர்வியூ என்று உனக்கு அழைப்பு வந்தது. நீ ராயகிரியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாய். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். உன்னிடம் கொடுக்கவில்லை. நீ ஒரு மாதம் தபால் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நின்றாய், பிறகு ஒருநாள் "கூப்பிடலைப்பா, என் மார்க்கு பத்தலை போல" என்றாய். நான் "அடுத்த வாட்டி பாத்துக்கிடலாம் மக்கா" என்று உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். மேலே போன விமானம் திரும்பி இறங்கும் வரை வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றவன், மகளையும் அங்கே அனுப்ப மனசில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அப்போது மாப்பிள்ளை வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்திருந்தது, ஊர் ஊராக மாற்றலாகிப் போகும் பெண் வேண்டாம் என்பார்களோ என்று பயந்தேன், அதுதான் மீதி. மாப்பிள்ளை தங்கமானவர், இதில் அவருக்கு ஒன்றும் தெரியாது. நீ அங்கே கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருப்பதைச் சலிப்பாகச் சொல்லும்போதெல்லாம் நான்தான் பேச்சை மாற்றுவேன், அது உனக்குத் தெரிந்திருக்காது.

அம்மாவிடம் கவரைக் காட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பியை வைத்துவிட்டு, "நீங்களே அவட்ட சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன், அவ கேட்டா மறைக்கவும் மாட்டேன்" என்றாள். அதன் பிறகுதான் விமானத்தை முடித்தேன். கண்ணாடி மூடிக்கு ஸ்வீட் டப்பா பிளாஸ்டிக்கைச் சூடுபண்ணி இழுத்தேன், நாலாவது தடவைதான் சரியாக வந்தது. முதுகில் ஒரு இடத்தில் கூடுதலாகத் தேய்த்துப் பள்ளம் விழுந்திருக்கிறது. படம் அனுப்பவில்லை, இதைப் படித்த பிறகும் பார்க்கத் தோன்றினால் சொல். உன் கவரை இதனுடன் வைத்திருக்கிறேன், பிரித்தது நான்தான். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை. ஏச வேண்டும் என்றால் ஏசு, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே என்று எழுதினேன், பிறகு அதை அடித்துவிட்டேன், மேலே அடித்திருக்கிற வரி அதுதான். அது உன் இஷ்டம்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பனி விழும் நாளில் வண்டியை மெதுவாக ஓட்டு, சித்திக்குப் பேச மறக்காதே.

உன் அப்பா,
வெள்ளத்துரை