இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

ஆகஸ்ட் 3

என் அக்காவுக்கு,

நலமா? அம்மா எப்படி இருக்கிறாள்? போனில் பேசினால் அம்மா காதில் விழும், எழுதியே அனுப்பு என்றாய். எனக்கும் அதுதான் வசதி. விடுதியில் பக்கத்துக் கட்டில்காரிக்குப் பாம்புக் காது.

நர்சிங்கில் மூன்றாம் வருஷம் தொடங்கிவிட்டது. பயிற்சி அறையில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கிறது. ஊசி குத்தினாலும் புரட்டிப் போட்டாலும் முகம் சுளிக்காது. பேசாமடந்தை என்று பெயர் வைத்திருக்கிறோம். நேற்று, படுத்த படுக்கையாய் இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் தேர்வு. இருபதுக்கு இருபது! "இப்படித்தான் செய்யணும், பாத்துக்கங்க" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார். அடுத்த வாரம் வார்டுக்குப் போகிறோம்.

உன் குட்டி


ஆகஸ்ட் 9

குட்டிக்கு,

தைக்கத் துணி கொண்டுவந்தவர்களிடமெல்லாம் உன் மார்க்கைச் சொல்லித் தீர்த்துவிட்டேன். பல்லு முழுக்கத் தெரிய அம்மாவும் சிரித்தாள்.

பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது, வலது பக்கம் இன்னும் மரக்கட்டைதான். முதுகின் அடியில், வால் எலும்பு இருக்கும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சிவந்திருக்கிறது. எண்ணெய் தடவி நன்றாகத் தேய்க்கிறேன். சரிதானே? படித்தவள் நீ, சொல்லு.

உன் அக்கா


ஆகஸ்ட் 13

அக்கா,

தேய்க்காதே! விரலால் அழுத்தி எடுத்துப் பார். வெளுத்துவிட்டுப் பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்று. அடியில் விரிப்பைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும். இழுத்தால் தோல் உரியும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வை.

உன் குட்டி


ஆகஸ்ட் 20

குட்டிக்கு,

ஆளுக்கொரு பக்கம் என்று எழுதியிருக்கிறாய். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பது மறந்துபோச்சா? கோபமில்லை, கேட்கிறேன்.

அழுத்திப் பார்த்தேன். வெளுக்கவில்லை. தனியாகப் புரட்டினால் "விட்டுடுடி, வலிக்குதுடி" என்று அம்மா அலறுகிறாள். ஒரு நாள் நாலு தடவை முடிந்தது. மறுநாள் இரண்டுதான், என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது அந்த இடம் கிழிந்து நீர் வடிகிறது. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வாயேன்.

உன் அக்கா


ஆகஸ்ட் 25

அக்கா,

லீவு கேட்டேன். "வார்டுல வேலை செஞ்ச மணிக்கணக்கு குறைஞ்சா பரீட்சை எழுத முடியாது. எல்லார் வீட்லயும் யாராவது படுத்துத்தான் இருக்காங்க" என்றார் டீச்சர்.

அம்மாவை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு. அங்கே ஆட்கள் இருப்பார்கள். திருப்பிய நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடும் தாள் ஒன்று கட்டிலில் தொங்கும். அதைப் பார்த்துக்கொள்.

உன் குட்டி


செப்டம்பர் 2

குட்டிக்கு,

சேர்த்துவிட்டேன். தாள் தொங்குகிறது. எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி, வரிசையாகக் கையெழுத்து. காலையிலிருந்து நான் கட்டிலைவிட்டு நகரவில்லை. ஒருத்தரும் அம்மாவைத் தொடவில்லை.

கையெழுத்துப் போட்டது உன் வயசுப் பெண், உன்னைப் போல மாணவிதான். "திருப்பாமலே எழுதுறியே, உனக்கெல்லாம் அம்மா இல்லையா?" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

நீயும் அதைத்தானே படிக்கிறாய். ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

உன் அக்கா


செப்டம்பர் 6

அக்கா,

நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் நாற்பது கட்டில். ஒரு சிஸ்டர், மாணவிகள் நாங்கள் இரண்டு பேர். முதல் நாள் ஒரு அம்மாவைத் தனியாகத் திருப்பினேன். பொம்மைக்குக் கனமே கிடையாது. இவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். துடைத்து, விரிப்பு மாற்றி முடிக்க அரை மணி ஆகிவிட்டது. ஆறாவது கட்டிலுக்குப் போவதற்குள் முதல் கட்டிலின் நேரம் தாண்டிவிட்டது.

சிஸ்டரிடம் சொன்னேன். அவர் அதட்டக்கூட இல்லை. "நானும் உன்ன மாதிரி அழுதவதாம்மா. தாள் காலியா இருந்தா உன்னத்தான் கேப்பாங்க. போட்டுடு" என்றார். போட்டேன். அன்றிலிருந்து தினமும் போடுகிறேன்.

என்னைத் திட்டு அக்கா. திட்டியாவது எழுது.

குட்டி


செப்டம்பர் 17

குட்டி,

திட்டத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை.

நான் கத்திய மறுநாள், வேலை முடிந்ததும் அந்தப் பெண் வந்தாள். "வாங்கக்கா, சேர்ந்து திருப்பலாம்" என்றாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அம்மாவுக்கு வலிக்கவே இல்லை. அதற்கடுத்த நாள் அவளை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

புண் எலும்பைத் தொட்டுவிட்டதாம். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வந்து நாலு நாள் ஆகிறது. நான் புரட்டும்போது அம்மா இப்போது அலறுவதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. உன்னைக் கேட்டாள். பரீட்சை என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று இனி எழுதாதே. எனக்குத் தெரியும். நீ வருகிற நாளை மட்டும் எழுது.

அக்கா